பதினோரு குறைகள்

"மேடம், என்னைப் பத்தி நீங்க என்னதான் நினைச்சுக்கிட்டிருக்கீங்க?"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எல்லோரும் படியிறங்கிப் போன பிறகு, சவரிமுத்து சார் கேட்டேவிட்டார். ஆறு மாதமாகத் தொண்டைக்குள் வைத்திருந்த கேள்வி.

"எதைப் பத்தி சார்?" என்றார் மங்களேஸ்வரி, நாற்காலிகளை மடக்கிக்கொண்டே.

"ஆறு மாசமா உங்ககிட்ட வர்றேன். ஒருத்தர் வாசிச்சதைப் பத்தி ஒரு வார்த்தை பேச விட்டீங்களா? முப்பது வருஷம் கோயில் பாடற்குழுவுக்கு ஆர்மோனியம் வாசிச்சவன் நான். எனக்கு ஒண்ணும் தெரியாதா?"

"நல்லாத் தெரியும் சார்."

"அப்புறம் என்ன?"

"இன்னைக்கு மூணாவதா ஒருத்தர் மேண்டலின் வாசிச்சார்ல, அவரோட மெட்டைக் கொஞ்சம் முனகிக் காட்டுங்க."

சார் வாயைத் திறந்தார். காற்று வந்தது. தலையைச் சொறிந்தார். மறுபடியும் திறந்தார்.

"அது வந்து... ரெண்டாவது பகுதி ஒரே இழுவை. தாளம் ஓடுது. முடிவு சுத்தமா சரியில்ல."

"அதெல்லாம் நீங்க சொல்றது. அவர் வாசிச்சது எங்க?"

சாருக்கு முகம் சிவந்துவிட்டது.

அறுபத்திரண்டு வயது. கணக்கு வாத்தியாராக நுழைந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். அவர் முன்னால் மாவட்டக் கல்வி அதிகாரியே எழுந்து நின்றுதான் பேசுவார். நாற்பத்து நாலு வயதுப் பெண்மணி ஒருத்தர் அவரை இப்படி முழிக்க வைத்தால் எப்படி இருக்கும்? ஆனாலும் அவர் அடுத்த ஞாயிறும் வருவார். அதற்கு அடுத்த ஞாயிறும் வருவார். குரு என்று ஒருவரை மனசு ஏற்றுக்கொண்டுவிட்டால் வயசு எங்கே குறுக்கே வருகிறது!

மங்களேஸ்வரி சாமியாரும் இல்லை, பாகவதரும் இல்லை. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு ஜவுளிக் கடையின் மாடியில், காது பரிசோதனை நிலையம் வைத்திருந்தார். அங்கே ஒரு சின்ன அறை உண்டு. ஆள் ஒருத்தர் உட்காரலாம். சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. கதவைச் சாத்திவிட்டால் கீழே லாரியே கவிழ்ந்தாலும் உள்ளே கேட்காது. அதற்குள் உட்கார வைத்து, காதில் மெல்லிய ஒலிகளை விட்டு, எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று சீட்டில் குறித்துக்கொடுப்பதுதான் அவர் வேலை.

ஞாயிற்றுக்கிழமை நிலையத்துக்கு விடுமுறை. அன்றைக்கு மட்டும் முன்கூடத்தில் நாற்காலி போட்டு, சொந்தமாக மெட்டுப் போடுகிறவர்களை வரச் சொல்லுவார். வாய்ப்பாட்டு கிடையாது. மேண்டலின், புல்லாங்குழல், கீபோர்டு, எது வேண்டுமானாலும் கொண்டு வரலாம். பெரிய வித்வான்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார்கள். மெக்கானிக் வருவார், மருந்துக் கடைக்காரர் வருவார். வாசித்துவிட்டு, "எப்படி இருக்கு? உள்ளதைச் சொல்லுங்க" என்று கேட்பார்கள்.

உள்ளதைச் சொல்வதற்கு அங்கே ஒரு சட்டம் இருந்தது. அதற்குத் 'திருப்பிக் கொடுப்பது' என்று பெயர். ஒருத்தர் வாசித்து முடித்ததும், கேட்டவர் அந்த மெட்டை முதலில் முனகிக் காட்ட வேண்டும். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை. கேட்டது வந்தால் போதும். அதற்குப் பிறகுதான் நல்லது கெட்டது பேசலாம்.

"இது என்ன மேடம், சின்னப் பிள்ளைங்க விளையாட்டு மாதிரி?" என்று சார் அன்றைக்கு விடாமல் கேட்டார்.

"பக்கத்து வீட்ல இருந்து ஒரு பாத்திரத்துல குழம்பு குடுத்தனுப்புறாங்க. அந்தப் பாத்திரத்தை எப்படித் திருப்பிக் குடுப்பீங்க?"

"வெறும் பாத்திரமா குடுக்கக் கூடாது. ரெண்டு முறுக்காவது போட்டுக் குடுக்கணும்."

"நாம சொல்ற கருத்து இருக்குல்ல சார், அதுதான் அந்த முறுக்கு."

"சரி."

"நீங்க முறுக்கைக் கையில குடுத்துட்டு, பாத்திரத்தை வச்சுக்கிறீங்க."

சொல்லிவிட்டு மங்களேஸ்வரி விளக்கை அணைத்தார்.

ஐப்பசி மாதம் மலைக் கிராமங்களில் காது பரிசோதனை முகாம் வந்தது. மங்களேஸ்வரி இரண்டு வாரம் ஊரில் இருக்கமாட்டார். சாவியை சார் கையில் கொடுத்தார்.

"ஞாயித்துக்கிழமையை நீங்க பாத்துக்கங்க."

சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. "என்ன செய்யணும் சொல்லுங்க."

"திருப்பிக் குடுத்துட்டு, அப்புறம் வாயைத் திறங்க. அவ்வளவுதான்."

அந்த ஞாயிறு நல்ல மழை. வந்தவர்கள் மூன்றே பேர். கடைசியாக நாகஜோதி.

புதுசாக வர ஆரம்பித்திருந்தவள். முப்பத்தாறு வயது, நூற்பாலையில் பதினான்கு வருஷமாக வேலை. ஆடியில் காது பரிசோதனைக்கு வந்தவள், கூடத்தில் கிடந்த மேண்டலினைப் பார்த்துவிட்டு, "அக்கா, எங்கிட்டயும் ஒரு பழைய கீபோர்டு இருக்கு, நானா என்னமோ வாசிப்பேன்" என்று சொல்லப் போக, "கொண்டா பாப்போம்" என்றார் மங்களேஸ்வரி. இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கொண்டு வந்திருக்கிறாள். பழைய சேலையில் சுற்றி, நனையாமல், பிள்ளையைத் தூக்குகிற மாதிரி பஸ்ஸில் தூக்கி வந்திருந்தாள்.

மேஜையில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். மூன்று நிமிஷம் இருக்கும்.

முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "சார்?"

சட்டப்படி சார் இப்போது முனக வேண்டும். மேண்டலின்காரரும் மருந்துக்கடைக்காரரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் நாலு பேர் முன்னால் கொசு மாதிரி ஙொய் என்று முனகுவதாவது! மேடம்தான் ஊரில் இல்லையே. சார் ஒரு தாளை எடுத்தார். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அவரைக் குறை சொல்லக்கூடாது. இந்தப் பிள்ளை முன்னுக்கு வர வேண்டும் என்று மனசார நினைத்துத்தான் எழுதினார். அரை மணி நேரம் எழுதினார். ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, அடிக்கோடு இட்டு, பதினோரு குறைகள். தொடக்கத்தில் ஒரே சுரம் திரும்பத் திரும்ப வருகிறது. எட்டு எண்ணிக்கை வர வேண்டிய இடத்தில் ஏழரைதான் வருகிறது. நடுவில் நின்றுவிடுகிறது. மேல் கட்டைகளுக்குப் போகவே இல்லை, அதனால் சோர்வாக இருக்கிறது. இப்படியே போய், கடைசியில் வட்டம் போட்டு நூற்றுக்கு நாற்பத்தெட்டு.

"பாஸ்தாம்மா. இதையெல்லாம் சரி பண்ணிட்டு வா, எண்பது போடுறேன்."

நாகஜோதி விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அவள் கண் கலங்கியது.

"நான் வாசிச்சதுக்கு ஒருத்தர் இம்புட்டு எழுதுவாங்கன்னு நினைச்சதே இல்ல சார்."

தாளை நாலாக மடித்துச் சோற்றுப் பையில் வைத்துக்கொண்டாள். சாருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வீட்டுக்குப் போய், "இன்னைக்கு ஒரு பிள்ளைக்கு வழி காட்டியிருக்கேன்" என்று மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள், "நல்லது, அப்படியே ரேஷன் கடைக்கும் போய்ட்டு வாங்க" என்றார்.

கார்த்திகை பாதியில்தான் நாகஜோதி மறுபடியும் வந்தாள். மங்களேஸ்வரி ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. கூடத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள்.

"எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன் சார்" என்றாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. தாளை எதிரில் விரித்து வைத்துக்கொண்டு, கட்டைகளைப் பார்த்துப் பார்த்து வாசித்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, பிசிறில்லாமல் இருந்தது. எண்ணிக்கை எட்டுக்கு எட்டு விழுந்தது. நடுவில் எங்கும் நிற்கவில்லை. மேல் கட்டைகளுக்குப் போய், அங்கே ஒரு சுற்றுச் சுற்றி, இறங்கி, ஒழுங்காக ஸ-வில் வந்து முடிந்தது.

கூடம் கைதட்டியது.

மங்களேஸ்வரி சாரைத் திரும்பிப் பார்த்தார். "சார், திருப்பிக் குடுங்க."

சார் முனகினார். ஆச்சரியம் என்ன என்றால், முதல் சுரத்திலிருந்து கடைசி சுரம் வரை ஒரு இடறல் இல்லை. இத்தனை மாதத்தில் இதுதான் முதல் தடவை. மறுபடியும் கைதட்டினார்கள். சார் எழுந்து நின்று கும்பிடாத குறைதான்.

மங்களேஸ்வரி கைதட்டவில்லை.

"ஜோதி, சார் திருப்பிக் குடுத்தது சரியா இருக்கா?"

"அப்படியே இருக்குக்கா."

"இது யாரோட மெட்டு?"

நாகஜோதி யோசிக்கவே இல்லை. "சாரோடதுதாங்க்கா."

எல்லோரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். "சேச்சே, என்னம்மா நீ..."

"அந்த மேல போற இடம் எப்படி வந்திருக்கு?" என்று கேட்டார் மங்களேஸ்வரி.

"அதை சார்தான் சொல்லணும். எனக்குத்தான் அங்க கேக்காதே."

சிரிப்பு நின்றது.

"விரலுக்குக் கட்டை அமுங்குறது தெரியுது. சத்தம் வரல. மில்லுச் சத்தத்துல, கீச்சுச் சத்தம் கேக்குற காது போயிருச்சு" என்று கூடத்தில் இருந்தவர்களுக்கு விளக்கம் சொல்லிவிட்டு, சார் பக்கம் திரும்பினாள். முகத்தில் அவ்வளவு ஆவல். "நல்லா இருந்துச்சா சார்?"

சார் அவள் எதிரில் விரிந்து கிடந்த தாளைப் பார்த்தார்.

"பழைய மெட்டு எங்க?" என்றார் மங்களேஸ்வரி.

"போன்ல பதிஞ்சு வச்சிருந்தேன்க்கா. புதுசைப் பதிய இடம் பத்தல, அழிச்சுட்டேன். நாப்பத்தெட்டு மார்க்கு மெட்டை வச்சுக்கிட்டு என்னக்கா பண்றது?"

"இப்ப வாசிச்சுப் பாரேன்."

நாகஜோதி விரல்களை வைத்தாள். புதுசுதான் வந்தது. நிறுத்திவிட்டு மறுபடியும் வைத்தாள். மறுபடியும் புதுசே வந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வரலக்கா. ஒரு மாசமா இதையே அடிச்சு அடிச்சு, விரலு இதுக்கே பழகிப்போச்சு."

அவள் கீபோர்டை சேலையில் சுற்ற ஆரம்பித்தாள்.

"அடுத்த வாரத்துல இருந்து நான் வரமாட்டேன்க்கா. ஞாயித்துக்கிழமையும் ஷிப்ட்டு கேட்டு வாங்கிட்டேன்."

"ஏன் ஜோதி? அந்தச் சத்தத்துக்கு ஒரு நாளாவது ஓய்வு குடுக்கணும்னு சொன்னேன்ல?"

"வீட்ல இருந்தா காதுல ஒரு இரைச்சல் ஓடுதுல்ல, ஙொய்ங்னு, அன்னைக்கு உங்ககிட்ட சொன்னேனே. பழசை வாசிச்சா அது அடங்கும். அதுக்காகத்தான் அதைப் போட்டதே. புதுசு நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுக்கு அடங்க மாட்டேங்குது." சேலை முனையைச் செருகினாள். "மில்லுக்குள்ள நின்னா அந்த இரைச்சலே தெரியாது. வீட்ல கெடந்து அதைக் கேட்டுக்கிட்டிருக்கிறதுக்கு அங்கயே போயிரலாம்."

வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"சார் மேல ஒரு தப்பும் இல்லக்கா. எனக்காக எம்புட்டு மெனக்கெட்டாரு."

இரண்டு அறை அறைந்திருந்தால்கூட சாருக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

எல்லோரும் போன பிறகு சார் வெடித்தார்.

"அவளுக்கு மேல கேக்காதுன்னு நீங்க எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"ஒருத்தர் காதுச் சீட்டை இன்னொருத்தருக்குக் காட்ட எனக்கு உரிமை இல்ல சார்."

"அப்ப எனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னைக்கு மெட்டைத் திருப்பிக் குடுத்தீங்களா?"

சார் சிவப்புப் பேனாவைச் சட்டைப்பைக்குள் இன்னும் கீழே தள்ளினார்.

"முனகியிருந்தா உங்க தொண்டைக்குத் தெரிஞ்சிருக்கும். அவ அந்தப் பக்கமே போகலன்னு. ஏன் போகலன்னு நீங்களே அவகிட்ட கேட்டிருப்பீங்க."

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடியும் உட்கார்ந்தார்.

"நாலு பேர் முன்னால முனக வெக்கமா இருந்துச்சு மேடம்" என்றார். இதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்பது வாத்தியார் வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

மங்களேஸ்வரி பரிசோதனை அறையின் கதவைத் திறந்தார். "உள்ள போய் உட்காருங்க."

"என் காது நல்லாத்தான் இருக்கு."

"உட்காருங்க சார்."

கதவு மூடியது. பேருந்து நிலையம் போயிற்று. ஜவுளிக் கடை போயிற்று. மின்விசிறிச் சத்தமும் போயிற்று. கொஞ்ச நேரம் சுகமாக இருந்தது. பிறகு எங்கிருந்தோ ஒரு மெல்லிய ரீங்காரம் கிளம்பியது. சார் தலையைத் திருப்பினார். அதுவும் கூடவே திரும்பியது. காதைப் பொத்தினார். இன்னும் கிட்டே வந்தது. எழுந்து கதவைத் தட்டினார்.

மங்களேஸ்வரி திறந்தார். "என்ன கேட்டுச்சு?"

"உள்ள ஒண்ணுமே இல்ல. ஆனா காதுக்குள்ளயே என்னமோ ஙொய்ங்னு..."

சொல்லிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நாலு நிமிஷம் இருந்தீங்க" என்றார் மங்களேஸ்வரி.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அழுதார் என்றே சொல்லிவிடலாம், அதை மறைப்பானேன்.

"நான் இப்ப என்ன செய்யணும் மேடம்?"

"பாத்திரம் உங்ககிட்டதான் இருக்கு. திருப்பிக் குடுங்க."

"எங்கிட்ட எங்க இருக்கு? அந்த மெட்டுல எனக்கு ஒரு வரிகூட ஞாபகம் இல்ல. நான் எழுதுன குறைங்கதான் ஞாபகம் இருக்கு!"

"எத்தனை குறை?"

"பதினொண்ணு."

"பரவாயில்லையே" என்றார் மங்களேஸ்வரி. "பதினோரு இடம் ஞாபகம் இருக்கே."

அந்த வாரம் முழுக்க சவரிமுத்து சார் வீட்டில் நிம்மதி இல்லை. குளிக்கும்போது முனகினார். சாப்பிடும்போது முனகினார். எட்டு எண்ணி, அரையைக் குறைத்து, தொடையில் தட்டினார். "மனுஷனுக்கு என்னமோ ஆயிருச்சு" என்று அவர் மனைவி பங்குத்தந்தையிடமே போய்ச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு மில்லுக்குப் பின்னால் இருக்கும் வரிசை வீடுகளில் நாகஜோதி வீட்டைக் கண்டுபிடித்தார். இரண்டரைக்கு மில் வண்டி வரும். அவள் தலை சீவிக்கொண்டிருந்தாள். கீபோர்டு சேலையோடு பீரோ மேலே இருந்தது. சிவப்பு மையில் எழுதிய தாள் சுவரில் ஒட்டியிருந்தது. அதில் மஞ்சள் கறை.

"சார்! நீங்களா? உக்காருங்க, டீ போடுறேன்."

"டீ வேண்டாம்மா. அதை இறக்கு."

"எதை?"

"கீபோர்டை. உன் மெட்டைத் திருப்பிக் குடுக்க வந்திருக்கேன்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பெரியவர் சொல்கிறாரே என்று இறக்கி வைத்தாள்.

சார் சுவரைப் பார்த்துப் படித்தார். "ஒண்ணு. தொடக்கத்தில் ஒரே சுரம் ஐந்து முறை வருகிறது. சலிப்பு." தொண்டையைச் செருமினார். முனகினார்.

"கேக்கல சார்."

இன்னும் கொஞ்சம் குரலெடுத்தார்.

"சத்தமா சார்."

சார் வாசலைப் பார்த்தார். கதவு திறந்து கிடந்தது. எதிர்வீட்டில் ஒரு அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சார் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வகுப்பறைக் குரலில், தெருவே கேட்க, ஒரே சுரத்தை ஐந்து முறை முனகினார். முனகல் என்று மரியாதைக்குச் சொல்கிறோம். மாடு கத்துவது போல்தான் இருந்தது. எதிர்வீட்டு அம்மா கீரையை விட்டுவிட்டு எழுந்து வந்தார்.

நாகஜோதி சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"அஞ்சு இல்ல சார்."

"அஞ்சுன்னுதானே எழுதியிருக்கேன்?"

"தப்பா எண்ணிட்டீங்க. ஆறு."

சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து சார் அவள் கையில் கொடுத்தார். அவள் தயங்கினாள். பிறகு போய் ஐந்தை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினாள். வந்து உட்கார்ந்து, கீழ்க் கட்டை ஒன்றை ஆறு தடவை அழுத்தினாள். ஆறாவதில் விரல் எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

"அடுத்தது சொல்லுங்க சார்."

"ரெண்டு. எட்டு எண்ணிக்கையில் ஏழரைதான் வருகிறது." தொடையில் தட்டி, முனகி, அரையில் வெட்டினார்.

"வெட்டக் கூடாது சார். சரிஞ்சு விழணும்."

"இப்படியா?"

"ம்ஹூம். இப்படி." விரல் சரிந்தது. அவள் முகம் மாறியது. "ஆங்... ஆமா. இதான். இதான் சார்!"

மூன்று வந்தது. நான்காவதில் சண்டையே வந்துவிட்டது. ஐந்தாவதை அவள் பாதியிலேயே பிடுங்கிக்கொண்டாள். ஆறாவதுக்கு சார் வாயைத் திறக்குமுன் விரல்கள் தாமாகவே போயின. வாசலில் இப்போது நாலைந்து பேர் நின்றார்கள். சார் யாரையும் பார்க்கவில்லை. அவருக்குக் குரல் கம்மிப் போயிருந்தது.

தெருமுனையில் ஹாரன் அடித்தது. எதிர்வீட்டு அம்மா உள்ளே தலையை நீட்டி, "ஏ ஜோதி, வண்டி வந்திருச்சுடி!" என்று கத்தினார்.

அவள் திரும்பவில்லை. காதில் விழவில்லையோ என்று நினைத்து சார் தெருப்பக்கம் கையைக் காட்டினார். "வண்டிம்மா."

"தெரியும் சார். ஏழாவது என்ன?"

"ஏழு." சார் தாளைப் பார்த்தார். "நடுவில் நின்றுவிடுகிறது. மறதி?"

நாகஜோதி கண்ணை மூடிக்கொண்டாள். முதல் சுரத்திலிருந்து ஆரம்பித்தாள். ஆறு தடவை. பிறகு சரிவு. ஒவ்வொன்றாக வந்தது. சாரும் கூடவே முனகிக்கொண்டு போனார். நடுப்பகுதி வந்தது. அவள் கையைக் கட்டையிலிருந்து எடுத்தாள். சாரும் நிறுத்தினார்.

வண்டி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

சாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த இடம் அவருக்கு நன்றாக ஞாபகம் வந்துவிட்டது. எடுத்துக்கொடுக்கலாம் என்று மூச்சை இழுத்தார்.

நாகஜோதி கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தித் தடுத்தாள்.

"இது அந்த இரைச்சலோட முறை சார்" என்று தன் காதைத் தொட்டுக் காட்டினாள். "அது முடிக்கட்டும்."

சவரிமுத்து சார் வாயை மூடிக்கொண்டார்.